நுரை, குப்பி, சவ்வு: ஓரத்தில் புரதம் படும் பாடு

அவையில் உள்ள எல்லாருக்கும் வணக்கமுங்க.

நாமக்கல் முட்டை ஒன்றை எடுத்து வெள்ளைக்கருவை மட்டும் கிண்ணத்தில் ஊற்றுங்க. அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு புரதம். மீதி பெரும்பாலும் தண்ணீர். புரதம் என்பது மடித்துச் சுருட்டிய சங்கிலி. எண்ணெய்க் குணமுள்ள கண்ணிகள் உள்ளே ஒளிந்திருக்கும், தண்ணீரோடு ஒட்டுகிறவை வெளியே இருக்கும். அடிக்க அடிக்கக் காற்றுக்குமிழி நுழைகிறதல்லவா? காற்றும் தண்ணீரும் சந்திக்கும் அந்த ஓரத்தில் சங்கிலி வந்து ஒட்டி மடிப்புக் குலைகிறது. ஒளிந்திருந்த கண்ணிகள் காற்றுப் பக்கம் தலைநீட்டும். அக்கம்பக்கத்துச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு தோல் போல் மூடும். நுரையைத் தாங்குவது அந்தத் தோல்தான்.

மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும், கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை சரியாக எழும்பாது. கொழுப்பு முந்திப்போய் இடம் பிடித்துவிடும், ஆனால் அதற்குப் பின்னத் தெரியாது. அளவுக்கு மீறி அடித்தாலும் கெட்டுப்போகும்: தோல் இறுகித் திரித்திரியாகி அடியில் தண்ணீர் விடும். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு முதலிலேயே விட்டால் அந்த இறுக்கம் தள்ளிப்போகும்.

இதே கூத்து இன்சுலின் குப்பியிலும் நடக்கும். 51 அமினோ அமிலம் (சங்கிலியின் கண்ணிகளுக்கு அதுதான் பேர்) கொண்ட சின்னப் புரதம் அது. காற்றுப் பரப்பில் விரிந்து, நூல் நூலாக அடுக்கிக்கொண்டால் மருந்துக் குணம் போச்சு. கோபியிலிருந்து ஈரோட்டுக்கு வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் குலுங்கிப் போகும் பாதிக் குப்பிக்குச் சூடு, குலுக்கல், காற்று மூன்றும் சேர்ந்துவிடுகின்றன. கலங்கலாகவே வரும் வகையைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே பத்துத் தடவை உருட்டுங்க. தெளிவாக இருக்க வேண்டிய வகை மங்கினாலோ, துகள் மிதந்தாலோ போட்டுக்கொள்ளாதீங்க.

செல்லை மூடியிருக்கும் மெல்லிய தோலான சவ்வும் ஓர் ஓரந்தானுங்க. இரண்டு வரிசைக் கொழுப்பு, நடுவில் எண்ணெய்ப் பகுதி. தடிமன் நாலைந்து நானோமீட்டர். தேனீ விஷத்திலுள்ள மெலிட்டின் 26 அமினோ அமிலப் பெப்டைடு, அதாவது குட்டிப் புரதச் சங்கிலி. சவ்வைத் தொட்டதும் சுருளாகிறது: ஒரு முகம் எண்ணெய்க்கு, மறுமுகம் தண்ணீருக்கு. கொஞ்சமாக இருக்கும்வரை சவ்வின்மேல் படுத்துக் கிடக்கும். கூட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துளை விழும், சிவப்பணுவே உடைந்துவிடும். 1987-ல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத் தவளையின் தோலிலிருந்து பிரித்தறிந்த மாகைனின் என்ற பெப்டைடும் (23 அமினோ அமிலம்) இதே இருமுகச் சுருள்தான். ஆனால் அது பாக்டீரியாவைத்தான் குறிவைக்கும். பாக்டீரியாவின் வெளிப்பரப்பில் எதிர்மின்னூட்டம் அதிகம், மாகைனினோ நேர்மின். நம் செல்லின் வெளிவரிசைக் கொழுப்பு பெரும்பாலும் நடுநிலை. கூடவே கொலஸ்ட்ரால் இறுக்கிப் பிடித்திருக்கிறது. கொலஸ்ட்ரால் என்றாலே முகம் சுளிக்கிறோம், இங்கே காவலாளி அதுதான்.

இப்படிப்பட்ட பெப்டைடு எவ்வளவு இருந்தால் பாக்டீரியா வளராது என்று கோவைக் கல்லூரிகளில் சோதனை செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீர்த்த பெப்டைடைப் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றினால் ஒரு பங்கு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்; மருந்து வீரியமில்லாததுபோல் முடிவு வரும். அவ்வளவாக ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தட்டு எடுங்க. 0.01% அசிட்டிக் அமிலமும் 0.2% மாட்டு ஆல்புமினும் (மாட்டு ரத்தத்திலுள்ள புரதம்) சேர்ந்த கரைசலில் நீர்த்துங்க. பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தில் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்றும் குறித்து வையுங்க. அவை பாக்டீரியாவின் எதிர்மின் இடங்களை மறைத்துவிடும். நுரையில் மஞ்சள் கரு இடம் பிடித்ததுபோல, தட்டின் சுவரில் ஆல்புமின் முந்திக்கொள்கிறது. அங்கே அது தொல்லை, இங்கே நாமே கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.