ஆணை ஒருவர் பெயரில், ஆபீஸ் வீட்டு முன்னறையில்

கிராம அஞ்சல் பணிக்கு ஆணை வாங்கியவர்களோடு வீட்டாரையும் இந்தக் கூட்டத்துக்கு வேண்டுமென்றேதான் அழைத்தோம். இலாகா வேலை கொடுப்பது ஒருவருக்கு. ஆனால் பல ஊர்களில் கிளை அஞ்சலகம் நடப்பது அவர் வீட்டு முன்னறையில்தான்.

முதலில் வருமானம். 2018 திருத்தப்படி, தினம் நான்கு மணி நேரம் நடக்கும் கிளையின் பி.பி.எம்.முக்கு, அதாவது கிளை போஸ்ட்மாஸ்டருக்கு, மாதத் தொடக்கம் 12,000 ரூபாய், ஐந்து மணி நேரத்துக்கு 14,500. உதவி பி.பி.எம்., டாக் சேவக் (தபால் பணியாளர்) என்றால் நான்கு மணிக்கு 10,000, ஐந்துக்கு 12,000. மேலே அகவிலைப்படியும் ஆண்டுக்கு 3 சதவீத உயர்வும் உண்டு. பிழைப்புக்கு வேறு வழியும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வயலையோ மாட்டையோ விற்றுவிட்டு இதை மட்டும் நம்பி வராதீர்கள். விசாரணை இல்லாமல் வெளியே அனுப்ப முடியாது என்ற பாதுகாப்பு 1977-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கிடைத்தது. முழுநேர ஊழியருக்குரிய ஓய்வூதியம் அதோடு வரவில்லை. குன்னூர் காட்டு வழியில் தினம் 15 கிலோமீட்டர் நடந்து தபால் கொடுத்த தபால்காரர் சிவனை 2020-ல் நாடே புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் அவர் ஊதியத்தை விசாரித்தார்கள்?

இனி பணப்பெட்டி. இந்த வேலையில் குடும்பம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். தபால் பை வந்ததும் முத்திரையையும் கட்டுக்கயிறையும் பார்த்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். பையோடு வரும் சீட்டில் எழுதியிருக்கும் ஸ்பீட் போஸ்ட், மணியார்டர், ரொக்கம் எல்லாம் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று அப்போதே சரிபாருங்கள். மாலையில் எண்ணிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வசூல் பணம் வேறு, வீட்டுச் செலவுப் பணம் வேறு. இரண்டையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டாயிரம் எடுத்து, நாலு நாளில் திருப்பி வைத்தாலும் அது கையாடல்தான். திடீர்ச் சோதனையில் குறைந்தால் வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்கள். அந்தக் காலத்தில் முதலில் கிடைப்பது ஊதியத்தில் ஒரு சிறு பங்குதான்.

அதைவிடச் சத்தமில்லாமல் வரும் தவறு ஆர்.டி. என்னும் மாதத் தவணைச் சேமிப்பு வசூலில். தெருவில் பணம் வாங்கி பாஸ்புக்கில் கையால் எழுதி, 'ராத்திரி மிஷினில் ஏற்றிக்கொள்வோம்' என்று வைத்தால், கரண்ட் போகும், சிக்னல் போகும், மறந்தும் போகும். மிஷினில் ஏறி ரசீது வந்த பிறகு எழுதுங்கள், முத்திரை குத்துங்கள். வாடிக்கையாளர் பாஸ்புக்கை வீட்டில் வாங்கி வைக்கவே வேண்டாம். "நம்ம பொண்ணுதானே, நீயே வச்சுக்கம்மா" என்று பாட்டிகள் சொல்வார்கள். அன்புதான், ஆனாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆதார் கைரேகை வைத்து வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். கல் உடைத்த கையிலும் வயதான கையிலும் ரேகை தேய்ந்திருக்கும். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைத்து, நிழலில் வைத்துப் பாருங்கள். பெருவிரல் ஒத்துவராவிட்டால் வேறு விரல். பாதியில் நெட்வொர்க் அறுந்து பதில் வராமல் போனால் உடனே மறுபடி முயலாதீர்கள். கணக்கில் கழிந்திருக்கக்கூடும். மினி ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்த பிறகே அடுத்த அடி.

வீட்டுக்காரம்மாக்களுக்கு ஒன்று. கணவர் வயலுக்குப் போன நேரத்தில் அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு நீங்கள் கவுன்டரைப் பார்ப்பது பல ஊர்களில் வழக்கம். பிரச்சினை என்று வந்தால் உங்கள் உழைப்பு எந்தக் காகிதத்திலும் இருக்காது, பழி மட்டும் அவர் மேல் வரும். விடுப்பு ஆண்டுக்கு 20 நாள், அரையாண்டுக்குப் பத்து வீதம். எடுக்காதது அடுத்த அரையாண்டுக்குச் சேராது. விடுப்பு எடுக்கும்போது பதிலாளின் பெயரை எழுதிக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பதிலாள் செய்யும் தவறுக்கும் ஊழியரே பொறுப்பு என்பதால், மனைவியோ தம்பியோ யார் உட்கார்ந்தாலும் மேலே சொன்ன கணக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

65 வயதில் பணி முடியும். பணிக்கொடையும் பணிவிடுவிப்புத் திட்டத் தொகையும் வரும். வாரிசு நியமனப் படிவத்தில் கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்துவிடுகிறார்கள். மாற்றி, நகலை வீட்டில் வையுங்கள்.