திருவிழா திரும்பி வரும், கேள்வியும் திரும்பி வரும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என் வணக்கம். நான் கல்வியாளர் அல்லேன். பதினொரு வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் தாய் என்ற ஒரே தகுதியோடு இங்கே நிற்கிறேன். பிள்ளைகளின் அறிவார்வத்தைப் பற்றிப் பேசுமாறு அழைத்தபோது, பண்டிகைகளின் வழியாக அதைப் பேச அனுமதி கேட்டேன். என் பிள்ளைகள் கேட்ட நல்ல கேள்விகளில் பெரும்பாலானவை தீர்த்தவாரியிலும், தேர் நிற்கும் வீதியிலும், பொங்கல் பானையின் முன்னாலும் பிறந்தவை என்பதே அதற்குக் காரணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து சாமிகள் வந்து இறங்க, மேளமும் கூட்டமுமாக நடக்க இடமில்லாத நேரம். மகனுக்கு அப்போது நான்கு வயது. அவனை இடுப்பில் வைத்திருந்தேன். என் முந்தானையைப் பிடித்தபடி வந்த மகள், "அம்மா, மகம்னா என்ன?" என்று கேட்டாள். நட்சத்திரம் என்றேன். "அது எங்க இருக்கு?" என்றாள். "பகல்ல தெரியாது, பேசாம வா" என்று அதட்டிவிட்டேன். அவள் பேசாமல்தான் வந்தாள். வீடு வரும்வரை, சாப்பிட்டு உறங்கும்வரை, அன்று அவள் வேறு எதையுமே கேட்கவில்லை. அந்த மௌனம் என் சொல்லால் வந்தது என்பதை இரவில்தான் உணர்ந்தேன். அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

மறு ஆண்டு அதே கடற்கரையில், அதே கூட்டத்தில், அவள் மறுபடியும் கேட்டாள்: "போன வருஷம் கேட்டேனே, மகம் எங்கம்மா?" அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பள்ளிப்பாடம் தேர்வு முடிந்தால் திரும்புவதில்லை. பண்டிகையோ, நாம் விட்ட கேள்வியைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆண்டும் நம் வாசலுக்கு வருகிறது. ஆகவே, பிள்ளை கேட்ட அந்த நொடியிலேயே விடை சொல்லியாக வேண்டும் என்ற பதற்றமும், விடை தெரியாததால் வாயை அடைக்க வேண்டும் என்ற கோபமும் நமக்குத் தேவையில்லை. ஓராண்டுத் தவணை நம் கையில் இருக்கிறது.

பௌர்ணமியை ஒட்டிய நாளென்று கடற்கரைக்குப் போகும் நாம், நண்பகலுக்குள் நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் முடித்து வீடு திரும்பிவிடுகிறோம். எந்த நிலவுக்காக அந்த நாள் குறிக்கப்பட்டதோ அதைப் பார்ப்பவர் சிலரே. அந்த ஆண்டு நாங்கள் மாலையில் மறுபடியும் போனோம். முதுகுக்குப் பின்னால் ஊரின் மேல் சூரியன் இறங்கிக்கொண்டிருக்க, முன்னால் கடலிலிருந்து நிலா எழுந்தது. மகள் இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் நீட்டி நடுவில் நின்றாள். மாசியில் சூரியன் கும்ப ராசியில் இருக்கிறது; முழுநிலா அதற்கு நேர் எதிரே, சிம்மத்தில் இருந்தாக வேண்டும்; சிம்மத்தின் ஒளிமிக்க விண்மீனே மகம் என்பதை, நீட்டிய அந்தக் கைகளை வைத்தே சொல்ல முடிந்தது. நன்றாக இருட்டியபின் நிலவுக்கு அருகில் மகத்தையும் கண்டோம். நிலவொளியில் சிறிய விண்மீன்கள் மறைந்தாலும் மகம் மறைவதில்லை. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 79 ஆண்டுகள் ஆகின்றன. என் மாமியாருக்கு 78 வயது. "பாட்டி பிறக்குறதுக்கு முன்னாடி கிளம்பின வெளிச்சமா?" என்று மகள் கேட்க, அவர் மணலில் உட்கார்ந்து, தம் பிள்ளைப் பருவத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மாசி மகத்துக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகளாக அவரோடு ஒரே வீட்டில் இருக்கும் நான் அந்தக் கதையைக் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு மகள், நாள்தோறும் தாள் கிழிக்கும் காலண்டரில் நட்சத்திரத்தைப் பார்க்கப் பழகினாள். நம் கடலூர் மாவட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம், தைப்பூசத்துக்கு வடலூர், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் என்று அடுத்தடுத்த மூன்று முழுநிலாக்களும் ஒரே மாவட்டத்துக்குள் திருவிழாவாகின்றன. இருபத்தேழு நட்சத்திரங்களின் வரிசையில் திருவாதிரை ஆறாவது, பூசம் எட்டாவது, மகம் பத்தாவது. தொடர்ந்து போனால் பங்குனி உத்திரம் பன்னிரண்டு, சித்திரை பதினான்கு, வைகாசி விசாகம் பதினாறு. மாதம் இரண்டு நட்சத்திரம் நிலா தள்ளிப் போகிறது என்று அவளே கண்டு சொன்னாள். ஒரு வாரம் கழித்து, "ஆனா கார்த்திகை மூணாவதும்மா; அதுலேருந்து திருவாதிரைக்கு மூணு தள்ளுதே, ஏன்?" என்று நின்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அடுத்த கார்த்திகை தீபம் வரை அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இருந்தது. அகல் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுக்கே பிடிபட்டது: இருபத்தேழைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டேகால், அந்தக் கால் கால்களெல்லாம் சேர்ந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகின்றன. வகுத்தலை அவள் பள்ளியில்தான் கற்றாள். அதைக் கொண்டு செய்வதற்கு ஒரு வேலையைப் பண்டிகை கொடுத்தது.

பண்டிகையை டியூஷனாக மாற்றச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். பொங்கல் பொங்கும்போது பிள்ளை "பொங்கலோ பொங்கல்" என்று கூவத்தான் வேண்டும். அந்த நேரத்தில் பால் ஏன் பொங்குகிறது என்று நாமாகப் பாடம் நடத்துவது அவர்களுடைய மகிழ்ச்சியைப் பறிப்பதாகும். கேள்வி பிள்ளையிடமிருந்து வர வேண்டும். காத்திருப்பது மட்டுமே நம் வேலை.

விடை நம்மிடம் இல்லாதபோது, விடை உள்ளவரிடம் பிள்ளையை அழைத்துப் போகலாம். வடலூர் சத்திய தருமச்சாலையில் வள்ளற்பெருமான் 1867 மே 23 அன்று ஏற்றிய அடுப்பு இன்றுவரை எரிகிறது என்று சொன்னபோது, என் மகன் அங்குள்ள சத்திய ஞானசபையின் ஏழு திரைகளைப் பற்றிக் கேட்பான் என்றே எதிர்பார்த்தேன். அவன் கேட்டதோ, "ராத்திரி எல்லாரும் தூங்கிட்டா யார் பாத்துப்பாங்க?" என்பது. அங்கே அடுப்படியில் நின்ற பெரியவரிடமே கேட்கச் சொன்னேன். அவர் குனிந்து, ஒரு பெரிய மனிதருக்குச் சொல்வதுபோல் பொறுமையாக, தணல் அவியாமல் காப்பது எப்படி என்று விளக்கினார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் மகன் அதையே எனக்குப் பாடம் எடுத்தான். பசித்தவருக்குச் சோறிடும் அறம் ஓர் இரவும் கண்ணயராமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியது என்பதை நான் சொல்லியிருந்தால் அது அறிவுரையாகியிருக்கும்.

சாமி இல்லாத பண்டிகைகளும் இப்படித்தான். என் நாத்தனார் குடும்பம் புதுச்சேரியில் இருக்கிறது. இங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நவம்பர் 1 அன்று அவர்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை, நமக்குப் பள்ளி. "அவங்களுக்கு மட்டும் ஏன் லீவு?" என்று முறையிட்ட மகளுக்கு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்து புதுச்சேரி விடுபட்ட நாள் 1954 நவம்பர் 1 என்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த விடுமுறையில் புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூருக்கு அழைத்துப் போனோம். அங்கே 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நினைவுமண்டபத்தின் முன் நின்று அவள் கேட்டது மீதி எட்டுப் பேரைப் பற்றி. அவர்கள் ஏன் வேண்டாம் என்றார்கள், பிறகு அவர்களை யாராவது திட்டினார்களா? மாற்றுக் கருத்துச் சொன்னவரைப் பற்றி ஒரு பிள்ளை இவ்வளவு அக்கறையோடு கேட்டதில் எனக்குப் பெருமை. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது என்பதால் அந்த நாளுக்கும் அங்கே ஒரு விழா உண்டு. அதைப் பற்றிய கேள்விக்காகக் காத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு மாசி மகத்தன்று கேட்டவன் மகன். "இன்னைக்கு அலை நெசமாவே பெருசா, இல்ல கூட்டத்துல அப்படித் தெரியுதா?" அலையை எழுப்புவது காற்று, ஓதத்தை, அதாவது கடல்நீர் மட்டத்தை, ஏற்றுவது நிலா, பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓதம் மிகும், அரைநிலா நாட்களில் குறையும், நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கடற்கரைப் படிக்கட்டிலிருந்து நீர் எட்டும் இடம் வரை கயிறு பிடித்து அளக்கப்போவதாக அவனே முடிவுசெய்திருக்கிறான். வரும் பௌர்ணமிக்கு ஒருமுறை, அதையடுத்த தேய்பிறை அட்டமிக்கு ஒருமுறை. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அக்காள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். உங்கள் பிள்ளைகளும் வருவதானால் இன்னும் நீளமான கயிறு கொண்டுவரச் சொல்கிறேன்.