டாட்டூ போட்ட கை எனக்குப் பிடிக்கும், அதை வெளிப்படையாவே சொல்றேன்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில இருந்து பேசுறேன், பின்னாடி தெரியிறது திருப்பரங்குன்றம் மலை. காத்துச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கங்க.

வீட்டுல எனக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. போன வாரம் ஒரு ஜாதகம் வந்துச்சு. படிப்பு, வேலை, பொருத்தம் எல்லாம் சரி. போட்டோவுல அவரு முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் கொடி மாதிரி ஒரு டாட்டூ. பெரியப்பா அதைப் பாத்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. "கையில குத்திக்கிட்டு அலையிறவன் குடும்பம் நடத்துவானா?" அம்புட்டுதான், பேச்சு முடிஞ்சுபோச்சு. எனக்கு முதல்ல பிடிச்சதே அந்தக் கைதான்.

ஒரு பொண்ணு இப்படிச் சொன்னா ஒரு மாதிரியாப் பாக்குறாங்க. பையன் வீட்டுல "பொண்ணு செவப்பா இருக்கணும், முடி நீளமா இருக்கணும்"னு சொன்னா மட்டும் தரகர் பேசாம நோட்டுல எழுதிக்கிறாரு. எனக்கும் கண்ணு இருக்கு, ஆசை இருக்கு. சட்டைக் கையை மடிச்சு விடுறப்ப அந்தக் கோடு லேசா வெளிய தெரியும் பாருங்க, அதுல என் மனசு நின்னுபோயிரும்.

இந்த ஆசை சினிமா பாத்து வந்தது இல்லங்க. எங்க அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம். அவங்க ரெண்டு கையிலயும் பச்சை குத்தியிருக்கும். ஒரு கையில கோலம், இன்னொரு கையில தேளு. வயசுப் பிள்ளையா இருக்கையில ஊருக்கு வந்த குறத்தியம்மா குத்துனது. விளக்குக் கரியில அகத்திக்கீரைச் சாறு ஊத்திக் குழைச்சு, ஊசிகளைச் சேத்துக் கட்டி, வலி தெரியாம இருக்கப் பாட்டுப் பாடிக்கிட்டே குத்துவாங்களாம். கூலி நெல்லும் வெத்தலையும். ஊசி மேல்தோலைத் தாண்டிக் கீழ் அடுக்குல மையை வச்சுருது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதுசாகும், அடியில உள்ள மை அங்கயே நிக்கும். கரிதான், ஆனா தோலுக்குள்ள இருந்து பச்சையாத் தெரியும். தோல் சுருங்கி கோலக்கோடு கலங்கிப்போச்சு, அந்தக் கை எனக்கு இன்னமும் அழகு. "திருவிழாவுல ஒங்க தாத்தா என் மூஞ்சியவா பாத்தாரு, இந்தக் கையத்தான்டி பாத்தாரு"ன்னு அப்பத்தா சொல்லிச் சிரிக்கும். அந்தக் கை போட்ட சோத்தைச் சாப்பிட்டு வளந்தவருதான் எங்க பெரியப்பா.

டாட்டூ போட்ட எல்லாரையும் பிடிக்கும்னு சொல்லல. காதலிச்ச பொண்ணு இன்னும் சரின்னே சொல்லியிருக்க மாட்டா, அவ பேரை நெஞ்சுல குத்திக்கிட்டு வந்து நிப்பாங்க சில பேரு. எனக்கு அதுல ஆசை வராது, பயம்தான் வரும். அவன் உடம்புல அவனுக்காகப் போட்டது வேற, என்னைக் கட்டிப்போடப் போட்டது வேற.

போடணும்னு நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஒண்ணு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல பேட்டரி மிஷினை வச்சு வரிசையாக் குத்துறவங்ககிட்டக் கையை நீட்டாதீங்க. ஒருத்தருக்குக் குத்துன ஊசியை அடுத்தவருக்கும் போட்டா மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி எல்லாம் பரவும். புது ஊசியை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும், மையும் தனிக் கிண்ணத்துல ஊத்தணும். குத்துனதுக்கப்புறம் 12 மாசம் ரத்தம் கொடுக்க முடியாது. ராணுவத்துல சேரணும்னு விடியக்காலம் ஓடுற பசங்க ரொம்ப யோசிங்க. முன்னங்கையோட உள்பக்கம், புறங்கை, இந்த ரெண்டு இடத்தைத் தவிர வேற எங்க நிரந்தரமா டாட்டூ இருந்தாலும் எடுக்க மாட்டாங்க, சில பழங்குடி மக்களுக்கு மட்டும்தான் விலக்கு.

நேத்து அம்மாகிட்டச் சொல்லிட்டேன், அந்த நம்பரை வாங்கித் தாங்க, நான் பேசணும்னு. அந்தக் கொடியை எதுக்குப் போட்டாருன்னு கேப்பேன். கோவம் வந்தா எப்படி நடந்துக்குவாரு, கல்யாணத்துக்கு அப்புறம் நான் வீடியோ போடுறதுல அவருக்குச் சம்மதமான்னும் கேப்பேன். அம்மா பெரியப்பாகிட்டப் பேசுறேன்னு சொல்லியிருக்காங்க.