லீன் (பிணை உரிமை) பதிவு திரும்பி வந்தால் நல்லது; வராமல் போனால்தான் பயம்

வணக்கம். போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். அவருடைய மைத்துனர் நியூ ஜெர்சியில் சின்னதாக ஒரு டிபன் கடை திறக்கிறார். அதற்கு இவர் 40,000 டாலர் கடன் கொடுக்கிறார். கடையின் கிரைண்டர், ஃப்ரீஸர், அடுப்பு எல்லாம் பிணை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. "யு.சி.சி.-1 ஃபைல் செய்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். "செய்தேன், ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்துவிட்டது" என்றார். பணம்? அது திங்கட்கிழமையே போய்விட்டதாம்.

சிறுதொழில் கடன்களுக்குப் பேப்பர் வேலை பார்ப்பதுதான் என் தொழில். நம் ஆட்கள் சொந்தத்துக்குள்ளும் நட்புக்குள்ளும் நம்பிக் கொடுக்கிற பணம் ஒரு கட்டத்தில் கைவிட்டுப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

யு.சி.சி.-1 என்றால் என்ன? ஊரில் நிலம் வாங்கும் முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் இல்லையா? இங்கே கடைச் சரக்கு, இயந்திரம், வரவேண்டிய பாக்கி இவற்றின் மேல் யாருக்குப் பிடி இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு பதிவேடு உண்டு. அதில் உங்கள் பெயரைப் பதியும் படிவம்தான் இது. கடை நொடித்துப்போனால், பொதுவாக முதலில் பதிந்தவருக்கே முதல் உரிமை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வில்லங்கத்தைச் சர்வே எண் போட்டுத் தேடலாம். ஃப்ரீஸருக்கு ஏது சர்வே எண்? இங்கே தேடுவது கடன் வாங்கியவரின் பெயரை வைத்துத்தான். பெயர் பிசகினால் பதிவு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

சரி, நண்பருடைய படிவம் ஏன் திரும்பி வந்தது? மைத்துனர் எல்.எல்.சி. என்கிற வகைக் கம்பெனி எதுவும் தொடங்கவில்லை, தன் பெயரிலேயே கடை நடத்துகிறார். நம்மில் பலரைப் போல அவருக்கும் ஒற்றைப் பெயர். நண்பர் அதை முதல் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். தனிநபர் என்றால் குடும்பப் பெயர் எது என்று காட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் பதிவு அலுவலகம் வாங்காது. படிவத்தின் குறிப்புகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: பெயர் ஒரே சொல் என்றால் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதுங்கள், மற்றதைக் காலியாக விடுங்கள்.

அதோடு முடிந்துவிடவில்லை. மைத்துனருடைய டிரைவர் லைசென்ஸைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் பெயருக்குப் பக்கத்தில் எஃப்.என்.யு. என்று மூன்று எழுத்து. முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. விசாவில் தொடங்கி லைசென்ஸ் வரை நம்மில் பலருக்கு இது ஒட்டிக்கொண்டே வருகிறது. பெரும்பாலான மாநிலங்களின் சட்டப்படி, காலாவதியாகாத லைசென்ஸில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் படிவத்தில் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயர், அப்பா பெயரின் இனிஷியலை விரித்து எழுதிய பெயர் எதுவும் செல்லாது. இப்படிச் சிக்கலான பெயருக்கு நான் செய்வது இதுதான்: லைசென்ஸில் உள்ளதை முதல் கடனாளியாகவும், ஒற்றைப் பெயரை மட்டும் இரண்டாவது கடனாளிக்கான கட்டத்திலும் போட்டுவிடுவேன். கூடுதலாக ஒரு பெயர் போடுவதால் உரிமை போகாது.

கட்டணம் குறைவது, முகவரி விட்டுப்போவது, இதனாலும் திரும்பி வரும். அதெல்லாம் சரிசெய்து அன்றைக்கே மறுபடி அனுப்பக்கூடியவை.

நான் உண்மையில் பயப்படுவது திரும்பி வராத படிவத்தைப் பார்த்துத்தான். பெயர் சரியா என்று பதிவு அலுவலகம் ஒப்பிட்டுப் பார்க்காது. கட்டங்கள் நிரம்பியிருந்தால் வாங்கிக்கொள்ளும். ஃப்ளோரிடாவில் ஒரு கம்பெனி. தெரு முகவரியையே பெயராக வைத்திருந்தது, அதில் பூலவார்ட் என்ற சொல் முழுதாக இருந்தது. கடன் கொடுத்த வங்கி படிவத்தில் அதைச் சுருக்கி எழுதியது. பதிவு ஏற்கப்பட்டது. பிறகு கம்பெனி திவால் மனு போட்டபோது அந்தச் சுருக்கம்தான் வழக்கானது. 2022-இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் வங்கிக்கு எதிராகச் சொன்னது. வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் வங்கிக்கே இந்த நிலை என்றால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

அதனால் எல்.எல்.சி. என்றால், மாநிலத்தில் பதிந்த அதன் மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பது கடைப் பெயர், அதை எழுதவே கூடாது. அப்புறம், பதிய வேண்டியது கம்பெனி உருவான மாநிலத்தில். கடை நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இருந்தாலும் எல்.எல்.சி. டெலவேரில் பதிந்தது என்றால் இந்தப் பிணைக்கு டெலவேர்தான். தனிநபர் என்றால் அவர் குடியிருக்கும் மாநிலம்.

நண்பரிடம் நான் சொன்ன இன்னொரு விஷயம்: கடன் கொடுக்கும் முன்பே யு.சி.சி.-1 பதியலாம். கடன் வாங்குபவர் எழுத்தில் அனுமதி தந்தால் போதும். திரும்பி வந்தாலும் பணம் உங்கள் கையில்தான் இருக்கும், நிதானமாகத் திருத்தலாம். பதிவு ஏற்கப்பட்டதும் அந்த மாநிலத்தின் தளத்தில் சரியான பெயரைப் போட்டு நீங்களே தேடுங்கள். உங்கள் பதிவு வந்து நிற்க வேண்டும். அதே பட்டியலில் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைச் சேமித்துவிட்டு அப்புறம் பணத்தை அனுப்புங்கள்.

பொதுவாகப் பதிவு 5 வருடம் செல்லும். நீட்டிப்பதைக் கடைசி 6 மாதத்துக்குள்தான் செய்ய முடியும், முன்கூட்டி அனுப்பினால் அதுவும் செல்லாது. போன் காலண்டரில் இன்றைக்கே குறித்துவிடுங்கள்.

நண்பரின் படிவத்தை வியாழக்கிழமை இரவு இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து திருத்தி அனுப்பினோம். நேற்று ஏற்கப்பட்டது. தேடிப் பார்த்தோம், இரண்டு பெயரிலும் வருகிறது. நல்லவேளை, அவருக்கு முன்னால் யாரும் பதியவில்லை.