மகாவித்துவானை நான் வாய்விட்டுப் படித்த கதை

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களே, என் தமிழ்ப் படிப்பிற்கெல்லாம் உறுதுணையாக நிற்கும் தமிழ்த்துறைத் தலைவர் அம்மா அவர்களே, பணி ஓய்வுக்குப் பின்னும் இந்த வெயிலில் பேருந்தேறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் புலவர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகப் பெருமக்களே, உடன் பயிலும் தோழர்களே, முதுகலை இரண்டாமாண்டு மாணவியின் பணிவான வணக்கம். பேராசிரியர்கள் நின்று பேசும் மேடையில் என்னையும் நிற்க வைத்த இலக்கிய மன்றத்தை நான் என்றும் மறவேன்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணுகிறேன். அவர் கற்ற விதம் ஒன்று. கற்பித்த விதம் மற்றொன்று. கோயில் ஊர்களின் பெருமையைச் சொல்லி அவர் பாடிய தலபுராணங்களை இன்று எடுத்துப் படிப்பார் குறைந்து போனது ஏன் என்பது மூன்றாவது.

பள்ளியில் படித்த நாளில் அவர் எனக்கு ஒரு மதிப்பெண் வினாவாக மட்டுமே இருந்தார். 1815இல் பிறந்தார், 1876இல் மறைந்தார், உ.வே. சாமிநாதையரின் ஆசிரியர் என்று எழுதினால் போதும். சென்ற ஆண்டு அவர் பாடிய சேக்கிழார் பிள்ளைத்தமிழைக் கையில் எடுத்தபோதும் அப்படித்தான் மௌனமாகப் படித்தேன். நான்கு பாட்டுக்கு மேல் போக முடியவில்லை. பெரியபுராணம் பாடிய பெரும்புலவரைத் தொட்டில் குழந்தையாக்கிக் கொஞ்சுகிறார் என்பது மூளைக்குப் புரிந்தது, மனம் அசையவில்லை. ஓரிரவு மின்சாரம் நின்றுவிட்டது. விளக்கொளியில் எழுத்து மங்கலாகத் தெரிய, பாட்டி திண்ணையிலிருந்து, “என்னம்மா படிக்கிறே, எனக்கும் கேக்கிற மாதிரி படியேன்” என்றாள். “பக்திச் சுவைநனி சொட்டச் சொட்டப் பாடிய கவிவலவ” என்ற இடம் வந்தது. ‘சொட்டச் சொட்ட’ என்னும்போது நாக்கு மேலண்ணத்தை இருமுறை தட்டி விழுந்ததை நானே உணர்ந்தேன். ஓலைக்கூரையிலிருந்து மழைநீர் விழுகிற ஒலி அது. “இன்னொரு தரம் சொல்லு” என்றாள் பாட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவள் அவள். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று சிறுவயது முதல் கேட்டிருந்த மொழிக்கு அன்றுதான் எனக்குப் பொருள் விளங்கியது.

அந்தப் பழக்கத்துக்காகப் பிள்ளையவர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியாது. சாமிநாதையரவர்கள் எழுதிய தம் ஆசிரியர் வரலாற்றில் அது இருக்கிறது. இளமையில் பிள்ளையவர்களுக்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பாடம் கேட்க வேண்டும் என்று தீராத ஆசை. திருச்சிராப்பள்ளியில் அந்நூலை முறையாகப் பாடம் கேட்டிருந்தவர் ஒரு பரதேசி. வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்று உண்பவர். அவரை ஓரிடத்தில் உட்காரவைத்துப் பாடம் கேட்க வழியில்லை. ஆகவே மாணவர் அவர் பின்னாலேயே நடந்தார். அவருக்கு வேண்டியதையெல்லாம் செய்து, மனம் கோணாமல் பார்த்துக்கொண்டு, அவர் போகும் தெருவெல்லாம் தாமும் போய் அந்நூலைக் கற்றார். சற்று எண்ணிப் பாருங்கள்: ஒரு வாசலில் நூற்பா, அடுத்த வாசலில் உரை, அதற்கடுத்த வாசலில் எடுத்துக்காட்டு என்று நகர்ந்திருக்கும் அந்த வகுப்பறை! அணியிலக்கணம் படிக்கத் திருச்சியின் தெருப்புழுதியில் நடந்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் திருவாவடுதுறைச் சைவ மடத்தின் ஆதீன வித்துவானாக, அம்மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரால் போற்றப்பட்டார். தெருவில் நடந்துகொண்டே கேட்ட பாடம் காதில் நின்று நாவில் ஏறியிருக்க வேண்டும். நடக்கும்போது சுவடியை விரித்துப் பார்ப்பது எப்படி?

கற்பித்ததும் அவ்வாறே. அவர் வாயால் பாடிக்கொண்டே போக, மாணவர் ஓலையில் எழுதுவர். புராணங்கள் பலவும் அப்படித்தான் பிறந்தன. தமக்குத் தெரிந்ததை ஒளிக்காமல், சாதி சமயம் பாராமல் சொல்லிக்கொடுத்தார். சாமிநாதையரும் தியாகராச செட்டியாரும் கிறித்தவரான சவேரிநாத பிள்ளையும் அவரிடம் பயின்றவர்கள். மாயூரத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளை மீது குளத்துக் கோவை என்னும் நூலைப் பாடிய நட்பும் அவருடையது. செந்தமிழும் நாப்பழக்கம் என்பதை அவர் வீட்டுத் திண்ணையும் ஆதீனத்துக் கூடமும் அறிந்திருந்தன.

நம் வகுப்பறை அறியவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஒரு பருவம் முழுவதும் செய்யுள் படித்த மாணவர், ஒரு விருத்தத்தையாவது சீர் பிரித்து உரக்கச் சொன்னதில்லை என்றால், அவர் படித்தது செய்யுளைப் பற்றிய குறிப்புகளையே. தலபுராணங்கள் தூசி படிந்து கிடப்பதற்கும் இதுவே பெருங்காரணம் என்று நம்புகிறேன். நூலகத்தில் பேசக்கூடாது, வகுப்பில் நேரமில்லை, விடுதியில் பிறருக்கு இடையூறு. செய்யுளுக்கு இந்த வளாகத்தில் இடம் எங்கே, ஐயா? முதல்வர் அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: நாள்தோறும் தமிழ் வகுப்பின் முதல் பதினைந்து நிமிடத்தை வாய்விட்டுப் படிப்பதற்கு ஒதுக்குங்கள், மாலையில் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். தேர்வுக்குப் பாடம் முடியாது என்று தயங்க வேண்டாம். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். பழகிய நாவுக்குத் தேர்வு எம்மாத்திரம்!

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பிள்ளையவர்களின் இறுதி நேரம். சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார். ஆசிரியரின் விருப்பப்படி சாமிநாதையர் திருவாசகத்தை எடுத்து அடைக்கலப்பத்தை வாசிக்கிறார். ஆயுள் முழுவதும் பிறர் கேட்கப் பாடியவர், அன்று மாணவரின் குரலைக் கேட்டுக்கொண்டே கண்மூடினார். இந்தப் பக்கத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மீதியை மறுநாள்தான் படித்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அறை கிடைத்தால் அறையில், கிடைக்காவிட்டால் நூலகத்துக்குப் பின்னுள்ள வேப்பமரத்தடியில், சேக்கிழார் பிள்ளைத்தமிழை அதன் முதல் பகுதியான காப்புப் பருவத்திலிருந்து தொடங்குகிறோம். புத்தகம் ஒன்றே என்னிடம் இருக்கிறது. ஒருவர் படித்தால் மற்றவர் கேட்கலாம். புலவர் ஐயா அவர்கள் முதல் பாட்டைச் சொல்லித் தொடங்கிவைக்க இசைந்திருக்கிறார்கள். அனைவரும் வாருங்கள். வணக்கம்.