வடித்த தண்ணீரில் போவதும் கீரையில் நிற்பதும்

எல்லோருக்கும் வணக்கம். டயாலிசிஸ் எடுப்பவர்களும் வீட்டில் அவர்களுக்குச் சமைப்பவர்களும் சேர்ந்தே வந்திருக்கிறீர்கள். அதனால் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் 'கே' என்று போட்டிருப்பது பொட்டாசியம். நான் பேச வந்தது வைட்டமின் கே. எழுத்துதான் ஒன்று, சரக்கு வேறு.

டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி போட்டுப் பார்த்தார். குஞ்சுகளுக்கு உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்தது. ரத்தத்தை உறையவைக்கும் ஏதோ ஒன்று தீனியில் இல்லை என்று புரிந்து, 1935இல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். 1943க்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

உறையவைப்பது மட்டும்தான் இதன் வேலை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஆனால் நம் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் காவல் காக்கும் புரதம் ஒன்று உண்டு. எம்ஜிபி என்பார்கள். வைட்டமின் கே வந்து எழுப்பினால்தான் அந்தக் காவல்காரன் கண் விழிப்பான். அந்தப் புரதமே இல்லாத சுண்டெலிகளை 1997இல் உருவாக்கிப் பார்த்தார்கள். குழாய்களெல்லாம் சுண்ணாம்பாகி, இரண்டு மாதத்துக்குள் செத்துப்போயின. எலும்பில் இருக்கும் ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்துக்கும் இதே வைட்டமின்தான் வேண்டும். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறுகிறது, எலும்பு பலம் இழக்கிறது, குழாயில் சுண்ணாம்பு ஏறுகிறது. எக்ஸ்ரேயில் குழாய் வெள்ளைக் கோடாகவே தெரியும்.

இதில் ஒரு சங்கடம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடுமோ என்று பயந்து, அது நிறைந்த கீரையை நிறுத்தச் சொல்கிறோம். கீரையில் இருக்கும் வைட்டமின் கேயும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகிறது.

பொட்டாசியம் தண்ணீரில் கரையும், வைட்டமின் கே கரையாது. கீரையைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டுங்கள். பொட்டாசியம் முழுக்கப் போகாது, ஆனால் குறையும். கீரையைக் கொஞ்சம் எண்ணெயில் தாளித்தால் வைட்டமினும் உடம்பில் நன்றாகச் சேரும். வடித்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று ரசம் வைப்பது நம் வழக்கம். உங்களுக்கு அந்த ரசம் ஆகாது. எவ்வளவு கீரை என்பதை மட்டும் உங்கள் உணவு ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மாத்திரையே வாங்கிவிடலாமே என்பீர்கள். பிரிட்டனில் சிறுநீரக நோயாளிகளுக்குத் வைட்டமின் கேயில் ஒரு வகையான கே2வைத் தினம் 400 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் ஆகியும் குழாயின் விறைப்பு குறையவில்லை. எனக்கும் ஏமாற்றம்தான்.

அப்புறம், ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். அந்த மருந்து வைட்டமின் கேயைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. திடீரென்று கீரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் உங்கள் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு, மாறிவிடும். நீங்களாக மருந்தையும் நிறுத்தாதீர்கள், கீரையையும் மாற்றாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பிறகு சந்தைக்குப் போங்கள்.