ப்ளூஸ் பழகிய பிரிட்டிஷ் இளைஞர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிச் சென்று பிரிட்டனின் இளைஞர்கள் சிலரை ராக் இசைக் கலைஞர்களாக்கிய வரலாற்றைப் பற்றி இன்று பேச இருக்கிறேன். இதை மேதைகள் சிலரின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கோ இது முதன்மையாக இசைத்தட்டுகளின் கதையாகவே படுகிறது.

1961 அக்டோபரில், லண்டனுக்குத் தென்கிழக்கேயுள்ள டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில், பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவால் புகழ்பெற்ற மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் சந்தித்தார்கள். சிறு வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள்தாம். ஆனாலும் அன்று அவர்களிடையே பேச்சை வளர்த்தவை ஜாகர் கையிலிருந்த, அமெரிக்கக் கலைஞர்கள் சக் பெரி, மடி வாட்டர்ஸ் ஆகியோரின் தட்டுகளே. சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்கு எழுதி, தபாலில் வரவழைத்த தட்டுகள் அவை. உள்ளூர்க் கடைகளில் அத்தகையவை எளிதில் கிடைக்கவில்லை. போதாததற்கு, 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் காட்டிய எதிர்ப்பால், அமெரிக்க இசைக்குழுக்கள் அங்கே வந்து வாசிப்பதே அரிதாயிருந்தது. ஆகவே இளைஞர்கள் தட்டைச் சுழலவிட்டு, பிடிபடாத இடம் வந்ததும் ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து, வாசித்தவரின் விரல் எந்தக் கட்டையில் இருந்திருக்கும் என்று ஊகித்து ஊகித்துப் பழகினார்கள்.

ப்ளூஸின் சட்டகம் எளியது. பெரும்பாலும் பன்னிரண்டு தாளக்கட்டுகள், மூன்றே சுரக்கூட்டுகள். முதல் அடியை ஒருமுறை திரும்பப் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்வார்கள். ஆறு மாதத்தில் எவரும் இதைக் கற்றுவிடலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. வீணைக் கலைஞர் தந்தியை இழுத்து ஒரு சுரத்தை அசைப்பதுபோல, ப்ளூஸ் கிட்டார்க்காரரும் கம்பியை வளைத்து இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கிறார். அந்த நடுவிடத்தைத் தாளில் எழுதிக் காட்ட முடியாது.

1958இல் மடி வாட்டர்ஸ் முதன்முறையாக பிரிட்டனுக்கு வந்தார். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் உழைத்து, 1943இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலை மீறிக் கேட்கவேண்டும் என்பதற்காகவே மின்கிட்டாரை எடுத்தவர். கிராமியப் பாடகர் ஒருவரை எதிர்பார்த்திருந்த ரசிகர்களில் பலர் அந்தப் பேரொலியில் மிரண்டுபோனார்கள். இதை மனத்தில் வைத்து 1963இல் அவர் சாதாரண கிட்டாருடன் வந்தபோது, மின்கிட்டார் எங்கே என்று கேட்டார்கள்! அந்த ஐந்தாண்டுகளுக்குள் ரசனை அவ்வளவு மாறியிருந்தது. ப்ளூஸ் கலைஞர்களான அலெக்சிஸ் கோர்னரும் சிரில் டேவிஸும் 1962 மார்ச்சில் லண்டனின் ஈலிங் பகுதியில் தொடங்கிய நிலவறை இசை மன்றத்துக்கு அம்மாற்றத்தில் பெரும் பங்குண்டு. பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்து வாசித்த பிரையன் ஜோன்ஸ், சார்லி வாட்ஸ், ஜாகர், ரிச்சர்ட்ஸ் எல்லாரும் வந்து கூடிய இடம் அது. அவ்வாண்டு ஜூலையில் மேடையேறிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு, தன் பெயரையே மடி வாட்டர்ஸின் 1950ஆம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுத்துக்கொண்டது.

1964 மே மாதம், மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் கிரானடா தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியைப் படமாக்கியது. ஒரு நடைமேடையில் அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்கள், தண்டவாளத்துக்கு எதிர்ப்புற நடைமேடையில் இளைஞர் கூட்டம். நற்செய்திப் பாடல்களால் புகழ்பெற்ற சிஸ்டர் ரோசெட்டா தார்ப், மழை நனைத்த மேடையில் மேலங்கியோடு நின்று, வெண்ணிற மின்கிட்டாரை மீட்டி மழையைப் பற்றிய பாடலையே பாடினார். அங்கே அடுக்கியிருந்த பருத்திப் பொதிகளையும் திரியவிட்ட கோழிகளையும் இன்று பார்க்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. பருத்தித் தோட்டங்களின் கொடுமை அலங்காரக்காரர்களுக்கு வெறும் காட்சிப்பொருளாகிவிட்டது. தார்ப்பின் விரல்களோ அந்த அலங்காரத்தை மறக்கச் செய்துவிடுகின்றன.

போலச்செய்தல் எந்த இடத்தில் புதிதாகிறது என்பதற்கு பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனைச் சொல்வேன். தாம் வாசித்துவந்த யார்ட்பர்ட்ஸ் குழு வெகுசன மெட்டுகளின் பக்கம் சாய்ந்ததால், 1965இல் அதிலிருந்து விலகி, ப்ளூஸ் குழு நடத்திவந்த ஜான் மேயலிடம் சேர்ந்தார். அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ஃப்ரெடி கிங் ‘லெஸ் பால்’ என்ற வகை மின்கிட்டாரை ஏந்தி நிற்கும் தட்டுறைப் படத்தைப் பார்த்து, அதே வகைக் கிட்டாரைத் தேடி வாங்கினார். 1966இல் மேயல் குழுவின் ஒலிப்பதிவில் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, மேடையில் வைக்கும் அதே உரத்த அளவில் வாசித்தார். ஒலி கரகரத்துத் தடித்தது. ஒரு சுரம் மீட்டியபின் அணையாமல் நெடுநேரம் நின்றது. சிகாகோவின் ஒலியை எட்டப் பார்த்தவருக்கு வேறோர் ஒலி அகப்பட்டது. பின்னாளைய ராக் கிட்டார் பெருமளவு அதிலிருந்தே கிளைத்தது என்பது என் கருத்து.

கடன் என்ற சொல்லை இங்கே தவிர்க்க முடியாது. ரோலிங் ஸ்டோன்ஸ், வில்லி டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடியிருந்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பாடலை, டிக்சன் பெயரிலேயே வெளியிட்டு, 1964 இறுதியில் பிரிட்டனின் முதலிடத்துக்குக் கொண்டுசென்றது. மறு ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி அவர்களை அழைத்தபோது, ஹவ்லின் வுல்ஃபையும் பாடவைக்க வேண்டும் என்று கேட்டுப் பெற்றார்கள். ஐம்பத்து நான்கு வயது வுல்ஃப் பாட, அவர் காலடியில் அமர்ந்து கேட்டார்கள். இன்னொரு பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினின் நடத்தை வேறு. 1969இல் வெளிவந்த அவர்களது ‘ஹோல் லாட்டா லவ்’, மடி வாட்டர்ஸுக்காக டிக்சன் எழுதிய பாடலொன்றிலிருந்து வரிகளை எடுத்தாண்டும், அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. இசையில் அவர்கள் செய்தது அசலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயரை விட்டதற்கு அது சமாதானமாகாது. 1985இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார். அது சமரசத்தில் முடிந்து, பாடலில் அவர் பெயரும் சேர்ந்தது.

ப்ளூஸ் கலைஞர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகையைப் பெற உதவுவதற்கென்றே டிக்சன் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அது இன்று இயங்கிவருவது சிகாகோவின் தெற்கு மிச்சிகன் அவென்யூவில், 2120ஆம் எண் கட்டடத்தில். செஸ் நிறுவனத்தின் பழைய ஒலிப்பதிவுக்கூடம் அது; 1964 ஜூனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தேடிச்சென்று பதிவுசெய்ததும் அங்கேதான்.